எழுதி அடித்த வரி

தடைக்காலத்தின் நாற்பதாவது நாள்.
மண்டபம் தோணித்துறையில் படகுகள்
ஒன்றின் விலாவில் ஒன்று உரசிக் கிடக்கின்றன.
ஐஸ் கம்பெனியில் மோட்டார் ஓடாததால்
பேசுகிற எல்லாமே உரக்கக் கேட்கிறது.

கணக்கு நோட்டில் சாய்த்துவைத்த கைப்பேசியில்
சிவப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோயம்புத்தூர்க் கம்பெனி.
சிப் செய்யும் எந்திரங்களின் வயிற்றிலிருந்து
காற்றை உறிஞ்ச ஒரு வால்வு, அதைச் செய்கிறது.
நானூற்றுப் பன்னிரண்டுக்கு வாங்கினேன்.
இப்போது இருநூற்று அறுபத்தெட்டு.
சீட்டெடுத்த பணம். வீட்டில் தெரியாது.

வாங்கச் சொன்னவர் எதிரில்தான் இருக்கிறார்,
கீழக்கரை ஹபீப் நெய்னா,
வட்டிக் கடன் இல்லாத கம்பெனியாகப் பார்த்துப் பொறுக்குபவர்.
"பதற்றப்படாதே உபைதா.
மீன் பட்டாலும் படாட்டாலும்
வலை விக்கிறவன் காசு வாங்கிட்டுப் போயிருவான்.
சிப் எவன் அடிச்சாலும் எந்திரம் வேணும்.
எந்திரத்துக்கு வால்வு வேணும்."

ரெக்சன் வாசல்படியில் நின்றான்,
தங்கச்சிமடம், இரண்டு படகு, ஒன்றின் மேல் லோன்.
"நெய்னா, முந்தின வருசம் நான் மூணு செட்டு வலை எடுத்தேன்.
போன வருசம் பாடு பாதியாச்சு.
எத்தனை செட்டு எடுத்தேன் தெரியுமா?
ஒண்ணுகூட இல்லை. பழசைப் பொத்தியே ஓட்டுனேன்.
எனக்குப் பாதி. வலைக்கடைக்காரருக்கு மொத்தமும்."

கச்சான் அடித்து ஜன்னல் ஒருமுறை மூடித் திறந்தது.

நெய்னா விடவில்லை.
டச்சுக்காரன் எந்திரம் ஒன்று பேருந்து அளவு,
பிரித்து விமானங்களில் ஏற்றுகிறார்கள்,
ஒன்றரை வருசத்துக்கு ஆர்டர் நிரம்பியிருக்கிறது,
"அவன் ஒருகாலத்துல எங்க ஊர்லயே கிட்டங்கி வச்சிருந்தவன்,
கணக்குல கெட்டிக்காரன்."

"கெட்டிதான்," என்றான் ரெக்சன்,
"அவன் கிட்டங்கி இப்ப எங்கிட்டு இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பணம் என்னுடையது,
அதனால் சிரிக்கவில்லை.

அப்போதுதான் வில்வத்துரை வந்தான்,
எக்கோ மெக்கானிக்,
பழைய பேப்பரில் சுற்றிய ரெக்சனின் எக்கோ பலகையோடு.
நகக்கண் அளவு கறுப்பு ஒன்று கருகியிருந்தது.
"இது சென்னையிலயே இல்லையாம்ணே.
பதினோரு வாரம் ஆகுமாம்.
எல்லாரும் பெரிய சிப் அடிக்கப் போயிட்டான்,
இந்தச் சின்னதை அடிக்க ஆள் இல்லையாம்."

"பாத்தியா! தட்டுப்பாடு!"
நெய்னா தொடையைத் தட்டியேவிட்டார்.
பிறகு ரெக்சனின் முகத்தைப் பார்த்தார்.
பிறகு தன் கையைப் பார்த்தார்.

தடை முடிய மூன்று வாரம். எக்கோவுக்குப் பதினொன்று.
எட்டு வாரம் கடலடி தெரியாமல் வலை இறக்க வேண்டும்.
பாறையில் மாட்டினால் வலை கிழியும்.
கிழிந்தால் புதுசு.
(வலைக்கடைக்காரருக்கு ஆகும். இந்தக் கணக்கை
நான் யாரிடமும் சொல்லவில்லை.)

மணி மூன்று இருபது.
இருநூற்று எழுபத்தொன்று. மூன்று ரூபாய் ஏறியிருக்கிறது.
யாருடைய எக்கோ கருகியதால் என்று தெரியவில்லை.

முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார்,
சீசனுக்கு எழுதிவைத்த நாற்பது ஐஸ் கேனில்
பாதியை நிறுத்திவிடச் சொல்லி.
மறந்தே போனேன்.
தூத்துக்குடி நம்பரை அழுத்தினேன்.
எடுத்தவள் ஒரு பெண். சின்ன வயசுக் குரல்.

"மண்டபம் ஐஸ் கம்பெனி. நாப்பது சொல்லியிருந்தோம்ல,
இப்போதைக்கு இருபது போதும்."

"அப்ப மீதி இருபது அடுத்த மாசமாக்கா?"

நெய்னாவும் ரெக்சனும் என்னையே பார்த்தார்கள்.

"பார்த்துச் சொல்றேன்மா," என்றேன்.

மறுமுனையில் ஒரு பேனா
எதையோ அடிக்கும் சத்தம்,
முதலில் ஒருமுறை,
பிறகு அழுத்தி இன்னொருமுறை.