நூற்று அறுபது அடிக்குப் பிறகு

ஐஸ்லாந்தில் நிற்கிறானாம் தம்பி.
நோர்வேயிலிருந்து ஐந்து நாள் லீவில்.
நேற்றுப் பிடித்த வீடியோக்கள்
காலையிலிருந்து ஒவ்வொன்றாய் வந்து விழுகின்றன.
ஓர் அருவி. திரை முழுக்க வெள்ளை.
"பின்பக்கத்தாலயும் போய் வரலாம் அக்கா,
மழைச்சட்டை இல்லாட்டித் தெப்பலாய் நனைவாய்."

நெடுங்கேணியில் ஆவணி வெயில்.
தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு
கிணறு அடிக்கிற லொறியைவிட்டு
எட்டத்தில் நின்று பார்க்கிறேன்.
நடுவில் ஒருக்கால் அழைத்தான்.
"அதென்ன சத்தம்?"
"பக்கத்து வளவில மரம் அரியினம்."

அவன் அனுப்பியது
நூற்று அறுபது அடிக்குக் கணக்கு.
இப்போது நூற்று எழுபத்தெட்டு.
வருவது மா.
சாம்பல் நிறத்தில், அரித்தெடுத்ததுபோல்.
இருநூறு பப்பாசிக் கன்றுக்கும் பூசிவிட்டது,
செபமாலையின் இமைமயிருக்கும்.
ஒரு குழாய் பத்து அடி.
ஒவ்வொரு பத்துக்கும் அவர் என்னைப் பார்ப்பார்.
நான் தலையாட்டுவேன்.
கழுத்தில் கிடக்கிற இரண்டு பவுணும்
சேர்ந்து ஆடும்.

கறுத்த மணல் கடற்கரை ஒன்று.
பனங்குற்றிகளை நெருக்கி நிறுத்தியதுபோல் பாறைகள்,
ஒவ்வொன்றுக்கும் ஆறு மூலை,
ஆரோ அளந்து வெட்டியிருக்க வேண்டும்.
பிறகு பாசி மூடிய வெளி.
மிதித்தால் அது நிமிர எத்தனையோ வருசமாம்,
அதனால் ஒருவரும் மிதிப்பதில்லையாம்.
பிறகு, சும்மா, ஒரு கல்லைக் கையில் வைத்துக் காட்டுகிறான்,
அரிசிமாப் பணியாரம்போல் உள்ளெல்லாம் துளை.
போன வருசம் நெருப்பாய் ஓடின கல்லாம்.

என்ரை கல் எப்போது ஓடினது?
ஆரும் பார்க்கவில்லை.
ஆறி, இறுகி,
துளை என்ற ஒன்றையே மறந்துபோய்க் கிடக்கிறது.
துளைமுனையை மேலே எடுத்தபோது
செபமாலை அரைப் போத்தல் தண்ணீர் ஊற்றினார்.
சுர்ரென்று புகைந்தது.
குடிக்க வைத்திருந்த தண்ணீர்.

நூற்றுத் தொண்ணூறில் மறுபடி தம்பி.
"இது லைவ், அக்கா. வை, வை, கட் பண்ணாத.
எட்டு நிமிசத்துக்கு ஒருக்கால் வெடிக்கும்."
வெடிக்கும் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறான்.
அந்தச் சொல்லை அவன் சிரித்துச் சொல்லி
இப்போதுதான் கேட்கிறேன்.

கயிறு கட்டியிருக்கிறது.
கயிற்றுக்கு இந்தப் பக்கம்
சிவப்பும் மஞ்சளுமாய் மழைச்சட்டைச் சனம்.
அந்தப் பக்கம் ஒரு குட்டை, பேசாமல்.
ஒரு நிமிசம். மூன்று.
எனக்குப் பின்னால் குழாய் இறங்குகிறது.
ஐந்து.
குட்டை மூச்செடுத்தது,
ஒரு நீலக் கொப்புளமாய் வீங்கியது,
பிறகு

"அறுபது அடி!" என்று கத்துகிறான்.
அறுபது அடி.
அடிக்கு ஒரு சதமும் வாங்காமல்.
மேல்நோக்கி.

வாய் பார்த்தபடி லொறிக்குக் கிட்ட வந்துவிட்டேன்போல.
"அக்கா, மரமில்லை அது. போனைத் திருப்பு."
திருப்பினேன்.
மா பறந்தது.
அவன் ஒன்றும் பேசவில்லை.
தோளுக்கு மேலால் ஒரு மஞ்சள் சட்டை குனிந்தது,
பிறகு ஒரு சிவப்பு,
நரைத்த தாடிக்காரர் ஒருவர்.
அவ்வளவு தூரத்து முகங்கள்
செபமாலையின் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றன.
அவர் சாரத்தை இறக்கிவிட்டார்.

"என்ன கேக்கினம்?"
"இது எத்தனை நிமிசத்துக்கு ஒருக்கால்
வருமெண்டு கேக்கினம்."

செபமாலைக்குச் சொன்னேன்.
சிரிப்பு வந்து, மா ஏறி, இருமினார்.
இருமி முடித்து,
அடுத்த குழாயில் கையை வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தார்.
தம்பியும் பார்த்தான்.
மழைச்சட்டைகளும்.

தலையாட்டினேன்.

உதட்டில் ஒட்டினதை நக்கிப் பார்த்தேன்.
ஈரம்.
கல்லினதோ என்னுடையதோ,
இன்னும் பத்து அடி போனால்தான் தெரியும்.