காலவழு

வழு எண் ஆயிரத்து நூற்று ஆறு.
பதிந்தவள் ஒப்துலியா,
கம்பாதோஸ் கரையில் மட்டி கிண்டுபவள்.
மொத்தமே ஒரு வரி:
“திங்கட்கிழமை கடல் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டது.”

எந்தப் பதிப்பு, எழுதவில்லை.
எந்தக் கைபேசி, எழுதவில்லை.
எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன
என்று கேட்ட இரண்டு கட்டங்களிலும்
கடல்
கடல்.

ப்ர்னோவிலிருந்து ராடிம் பதில் போட்டான்:
“என் கணினியில் சரியாகத்தான் வருகிறது.”
ப்ர்னோவில் கடல் கிடையாது.
‘மீண்டும் நிகழ்த்த இயலவில்லை’ என்ற
மஞ்சள் சீட்டை ஒட்டி மூடிவிட்டான்.
பதினோரு மாதம் அப்படியே கிடந்தது.

திறந்தவள் சபேலா.
வீகோவில் மூன்றாம் மாடி. பகலில்
ஒரு கப்பல் கம்பெனிக்குக் கணக்கு.
இரவு பத்துக்கு மேல்
தெவாலோ என்னும் ஓத அட்டவணை மென்பொருளின்
வெளியீட்டுப் பொறுப்பு.
சம்பளம் கிடையாது. திட்டு உண்டு.

4.2 வெளிவர ஒன்பது நாள்,
திறந்த வழுக்கள் அறுபத்து மூன்று.
இது இப்போது. இது அடுத்ததற்கு.
இது ஏற்கெனவே வந்தது, வேறு கோபத்தில்.
இது வழுவே இல்லை, ஒருவருடைய ஆசை.
காபி ஆறிப்போய்
நாற்பதாவதை நகர்த்தும்போது
மூடியவற்றையும் ஒருமுறை பார்ப்போமே என்று தோன்றியது,
தேதி கண்ணில் பட்டது:
அக்டோபர் இருபத்தெட்டு.

முந்தின நாள் விடியலில்தான்
ஸ்பெயின் முழுக்கக் கடிகாரங்கள்
ஒரு மணி நேரம் பின்னுக்குப் போயிருந்தன.
சனிக்கிழமையே அட்டவணையை இறக்கி வைத்தவர்களின்
கைபேசியில்
கோடை முடியவே இல்லை.
நிலா எந்த அரசாணைக்கும்
முள்ளைத் திருப்பி வைப்பதில்லை.

தமிழ் இலக்கணத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது.
‘நாளை வந்தான்’ என்றால் காலவழு.
சபேலாவுக்கு அது தெரியாது.
தலைப்பை மட்டும் மாற்றி எழுதினாள்:
‘நேரம் மாறும் வாரத்தில் பழைய அட்டவணை பொய் சொல்கிறது.’
ராடிம் ஒரு கட்டைவிரலை உயர்த்தினான்.
நாலு மணி நேரம் கழித்து
“மன்னிக்கவும்” என்றான்.

தம்பெரேயிலிருந்து வெய்க்கோ பதினான்கு வரியில்
திருத்தம் அனுப்பினான்.
சோதனைகள் எல்லாம் பச்சை.
நிம்மதியாகத் தூங்கி எழுந்தால்
சதம் தீவிலிருந்து ஹினேவாய்:
“எங்கள் கடிகாரம் முக்கால் மணிக் கணக்கில் ஓடுவது.
நீங்கள் முழு மணியாக உருட்டியதில்
என் கடல் பதினைந்து நிமிடம் தள்ளி நிற்கிறது.”

இந்தக் கடலைச் சரிசெய்தால் அந்தக் கடல் பிசகுகிறது.
கையில் இருப்பது ஒரு நாள்.

வெளியீட்டைத் தள்ளிவை என்றார்கள் மூன்று பேர்.
தள்ளிவைத்தால் ஆளுக்கொரு
‘இது ஒன்று மட்டும்’ கொண்டுவருவார்கள் என்று
அனுபவம் சொன்னது.
திருத்தத்தை வெளியே எடுத்தாள்.
வெய்க்கோவுக்கு வருத்தம். எழுதவில்லை,
எழுதாததே தெரிந்தது.

4.2 போயிற்று, செவ்வாய் இரவு.
‘அறிந்த குறைகள்’ பகுதியில் ஒரு வரி:
அக்டோபர் கடைசி ஞாயிறு விடிந்ததும்
அட்டவணையை மறுபடி இறக்கிக்கொள்ளவும்.
வழுதான், தெரிந்தே விடுகிறோம், பொறுத்தருள்க.
இதற்கும் இலக்கணத்தில் ஒரு பெயர்:
வழுவமைதி.
ஆனால் அமைதி என்ற பகுதி
அவளுக்குக் கிட்டவில்லை.

அடுத்த வாரம் வெய்க்கோ மறுபடி எழுதினான்,
இந்தமுறை நிமிடங்களோடு.
ஹினேவாய் பார்த்துச் சரி என்றாள்.
4.2.1.
சபேலா ஒப்துலியாவுக்கு எழுதினாள்: “எண்ணை மூடலாமா?”

இரண்டு நாள் பதில் இல்லை.
அப்புறம்,
ஈரக்கையால் அடித்த எழுத்துப் பிழைகளோடு:
“போன வருஷம் ஒரு வாளியும் ஒரு பூட்ஸும் போச்சு.
திங்கட்கிழமை வரை திறந்தே கிடக்கட்டும்.
இறங்கிப் பார்த்துச் சொல்கிறேன்.”

பொறுப்பாளர் என்ற கட்டத்தில்
தன் பெயரை அழித்து
ஒப்துலியா என்று போட்டாள் சபேலா.

ஆயிரத்து நூற்று ஆறு.
நிலை: திறந்திருக்கிறது.
வற்று: காலை எட்டு பத்து.