பூஜ்ஜியம் காட்டும் தண்ணீர்

ராயபுரத்தில் கடலுக்கும் என் வீட்டுக்கும் நடுவே
ஒரு ஐஸ் பாக்டரி,
கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் ஒரு சாலை.
அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு
குளியலறையை ஒட்டிய இடுக்கில்
நான் கடல் கலக்குகிறேன்.

பீப்பாய் இரண்டு.
வெள்ளையில் நல்ல தண்ணீர், நீலத்தில் உப்புத் தண்ணீர்.
வெள்ளை, கொத்தவால்சாவடியில் வாங்கியது;
முற்பிறவியில் மாங்காய் ஊறுகாய்.
சோடா உப்பு, எலுமிச்சை, வெயில் என்று
பதினோரு நாள் கழுவினேன்.
மூடியை முகர்ந்தால் இன்னமும் நாக்கு ஊறும்.

லாரித் தண்ணீரில் மீட்டர் காட்டுவது
அறுநூற்று நாற்பது.
பஞ்சு, கரி, சவ்வு, கடைசியில் பிசின் மணிகள்,
எல்லாம் தாண்டி நூலாக விழும்போது
பூஜ்ஜியம்.
ஒரு லிட்டர் பூஜ்ஜியத்துக்கு மூன்று லிட்டர் கழிவு.
அந்த மூன்றில்தான் என் வீட்டுத் தரை, துணி, கழிவறை.
கணக்குக் கேட்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பகலில் எனக்குச் சம்பளமும் இதற்கே.
டயாலிசிஸ் வார்டின் பின்னறையில்
இன்னும் பெரிய சவ்வு, இன்னும் பெரிய தொட்டி.
காலை ஐந்தரைக்குக் குளோரின் பார்த்துக் கையெழுத்து.
ஒன்பதாம் கட்டில் தேவசகாயம்
ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு
ஸ்கோர் கேட்பார்.
நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அவருக்கு.

உப்பு, கொளத்தூரில் வாங்கும் மூட்டை.
தண்ணீரில் உப்பைப் போடலாம்,
உப்பில் தண்ணீரை ஊற்றக் கூடாது.
ஊற்றினால் சுண்ணாம்பு பூத்துப் பாலாய் நிற்கும்,
அப்புறம் என்ன சுற்றினாலும் தெளியாது.
இரவு முழுக்க பம்பு ஓடும்.
காலையில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து
ஜன்னலுக்கு நேரே ஒற்றைக் கண்ணால் பார்த்தால்
நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு கோடு:
முப்பத்தைந்து.

மே மாதம்.
குழாய் இருமிவிட்டு நின்று ஆறு நாள்.
லாரி வரும் வரும் என்றார்கள்.
கீழ்வீட்டு அமலோற்பவம் படியேறி வந்தாள்,
கையில் குடமில்லை, குக்கர்.
"மேல ரெண்டு டிரம் வெச்சிருக்கியாமே, மீனுக்கு."
குத்தல் இல்லை அதில்.
முப்பது வருடமாய் மீன் விற்கிறவள்;
மீனுக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கிறவளை
இப்போதுதான் பார்க்கிறாள்.

எண்பது லிட்டர், மாலைக்குள் காலி.
பூஜ்ஜியத்தில் சோறு, பூஜ்ஜியத்தில் காபி,
டெல்வினின் காய்ச்சல் நெற்றியில்
பூஜ்ஜியத்தில் நனைத்த துணி.
மறுநாள் அவளே சொன்னாள்:
"என்ன தண்ணிடி அது, வாயில ஒட்டவே மாட்டேங்குது."
நீலப் பீப்பாயை யாரும் கேட்கவில்லை.
டெல்வின் மட்டும் விரலை விட்டு நக்கி
"ஐய, கடலு" என்றான்.

அதன் பிறகு தொட்டி ஒரு விரற்கடை இறங்கியது.
ஆவியாவது தண்ணீர் மட்டும்;
உப்புக்குப் போகத் தெரியாது.
முப்பத்தாறு.
முப்பத்தெட்டு.
பச்சைப் பொத்தான் பவளம்
கையை உள்ளே இழுத்துக்கொண்டு மூடியது.
"இருக்கிற நீலத்த ஊத்தேன்" என்றாள்.
கரிக்கிறதில் இன்னும் கரிப்பா என்று விளக்கத் தொடங்கி
பாதியில் விட்டேன்.
தேவசகாயம் உடம்பில் தண்ணீர் போகாமல் தங்குகிறது,
இங்கே உப்பு.
நான் இரண்டுக்கும் நடுவில்
ஒரு மீட்டரோடு நிற்கிறேன்.

இரவு இரண்டு மணிக்கு லாரி.
தெரு முழுக்கக் குடம், வாளி, பெயிண்ட் டப்பா, சண்டை.
ஹோஸைப் பிடித்தவனிடம்
அமலோற்பவம் கத்தினாள்:
"மொதல்ல அந்த மீன்காரிக்கு விடுடா."

யாரென்று நான் திரும்பிப் பார்த்தேன்.

இப்போது மணி நாலு.
சவ்வு வழியே நூல் இறங்குகிறது.
வெகுநாள் நின்ற குழாயின் முதல் தண்ணீர் ஆகாது,
அதைத் துடைப்பத்து வாளிக்கு விட்டேன்.
மீட்டர் இன்னும் நாலு காட்டுகிறது.
மூன்று.
மறுபடி நாலு.