சூடை எண்ணெய்

கள்ளப்பாட்டுக் கரையில் வலை ஏறினால்
கிலோ என்ன விலை, ஆருக்கு எத்தினை பெட்டி,
கொப்பியில் எழுதுறது நான்.
பதின்மூண்டு வருசமாச் சூடை எண்ணெய்
என்ர பேனையில், சட்டைக் கையில்,
கடன் எழுதின பக்கங்களில்
வெளிச்சம் ஊடுருவுற வட்டம் வட்டமா.

எனக்கு, எமில்தாஸ் நோர்வேயிலிருந்து
ஒரு போத்தல் அனுப்பியிருந்தான்.
நூற்றியிருபது குளிசை. தேன் நிறம்.
"மீன் எண்ணெய் அக்கா, இதயத்துக்கு நல்லது."
லேபலை மகள் எழுத்துக்கூட்டி வாசிச்சாள்:
நெத்தலி. சூடை.
கண்ணில் தண்ணி வருமட்டும் சிரிச்சம்.
ஆனாலும் குடிச்சன்.
தம்பி காசு குடுத்து வாங்கினதெல்லோ.

நெஞ்சுக்குள்ளை எனக்கு
உலோகத்தில் ஒரு கதவு.
கொழும்பில் வெட்டிப் போட்டது.
வீடு படுத்தாப் பிறகு
மலிவு மணிக்கூடு மாதிரிக் கேட்கும்.
அந்தக் கதவில் ரத்தம் கட்டி இறுகாமலிருக்க
பின்னேரம் ஆறு மணிக்கு
நீல நிறத்தில் ஒரு வோர்பரின்.
தடிச்சாலும் கூடாது,
தண்ணியாப் போனாலும் கூடாது.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை
பாரைச் செட்டை கீறிச்சுது.
நூல் அளவு கீறல்.
தேங்காய்ப்பூத் துவாய் ஒண்டு நனைஞ்சு
இரண்டாவதும் நனைஞ்சு
கறி கொதிச்சு இறக்கியாச்சு
விரல் மட்டும் நிக்கேல்லை.
அடுத்த நாள் பல்லு மினுக்க
எச்சில் சிவப்பு.

மாஞ்சோலை ஆசுப்பத்திரியில்
டொக்டர் துலக்ஷனா துண்டைப் பார்த்தா.
நாலு தசம் ஆறு.
மூண்டைச் சுத்தி நிக்க வேண்டிய கணக்கு.
"வேற என்ன மருந்து குடிக்கிறீங்கள்?"
"ஒண்டுமில்லை."
"காய்ச்சல், இருமலுக்கு ஏதும்?"
"போன கிழமை பார்மசியில் வாங்கின குளிசை, அஞ்சு நாள்."
"கை வைத்தியம்? வெளிநாட்டுச் சாமான்?"
அப்பதான் சொன்னன்.
மீனை மருந்தெண்டு ஆர் நினைச்சது?

அவ பேனையை மூடினா.
"இந்தக் குளிசையாலயும் இருக்கலாம்,
பார்மசிக் குளிசையாலயும் இருக்கலாம்.
மீன் எண்ணெய் ரத்தத்தைக் கொஞ்சம் இளக்கும் எண்டு
சில பேர் எழுதியிருக்கினம்.
பெரிசா ஒண்டும் செய்யாதெண்டும் எழுதியிருக்கினம்.
உங்கட நெஞ்சை வைச்சு
நான் பரீட்சை பார்க்கேலாது, அம்மா.
போத்தலை மூடி வையுங்கோ.
வோர்பரின் இரண்டு நாள் வேண்டாம்.
திங்கள் வந்து திரும்பக் குத்துங்கோ."

வாங்கில் பஞ்சை அமத்திக்கொண்டு இருந்தன்.
பத்து நிமிசம் அமத்தச் சொன்னவை.

இப்பிடி அமத்தினது
இது முதல் தரமில்லை.
வலைஞர்மடத்தில், பதுங்குகுழி வாசலில்,
பேர் தெரியாத ஒரு மனுசன்ர தொடையில்
என்ர இரண்டு கையையும் வைச்சு
உறை, உறை, எண்டு கெஞ்சினன்.
மாதாவிட்டைக் கேட்கேல்லை,
ரத்தத்திட்டைத்தான் நேராக் கேட்டன்.
விடியப்புறம் போல நிண்டுது.
உறைஞ்சு நிண்டுதோ
முடிஞ்சு நிண்டுதோ
இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

அப்ப எமில்தாஸ் அங்கை.
எங்களைப் பற்றி அவனுக்கு வந்த சேதியெல்லாம்
ஆரோ சொல்லி ஆரோ கேட்டது.
அதுக்குப் பிறகுதான் தொடங்கினது:
விற்றமின், பாம், கால் வீக்கத்துக்கு மேசு,
இப்ப இது.

திங்கள் மூண்டு தசம் ஒண்டு.
எது இறக்கினது எண்டு
டொக்டரும் சொல்லேல்லை, நானும் கேட்கேல்லை.

ஞாயிறு எடுத்தான்.
"குளிசை முடிஞ்சுதோ? அடுத்தது போடட்டோ?"
பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
"வேண்டாமடா. எனக்கு அது ஒத்து வராதாம்.
ரத்தம் நிக்காதாம்."
லைன் அறுந்துபோச்செண்டு நினைச்சன்.
இல்லை, மூச்சுக் கேட்டுது.
பிறகு, சின்னப் பிள்ளையில்
வள்ளத்து எஞ்சினைப் பழுதாக்கிப்போட்டு நிண்ட
அதே குரலில்:
"அப்ப நான் என்னத்தை அக்கா அனுப்புறது?"

பதில் உடனை வரேல்லை.
முற்றத்தில் கறுவல் பூனை
நான் ஊசியால் குத்திப் பார்த்த
ஒரு குளிசையை உருட்டிக்கொண்டிருந்தது.
மணந்தது, நக்கிச்சுது, விட்டிட்டு
மீன் பெட்டியடிக்குப் போச்சுது.

"ஆடியில் லீவு கிடைக்குமோ எண்டு கேள்,"
எண்டன்.