எடை

ஜக்கூர் ஓடுபாதை முடியும் இடத்தில்
மேம்பாலம்.
அதன்மேல் பால்வண்டிகள் விளக்கோடு ஓடுகின்றன.
மணி ஐந்தே முக்கால்.
செஸ்னாவின் இறக்கையில் பனி.
கையால் வழித்துவிட்டேன்.
என்னைவிட நான்கு வயது மூத்த தகரம்.

மும்பை ஜுஹுவில் யாரோ வாங்கிவிட்டார்கள்.
கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை.
வழியில் எது கழன்றாலும்
மாட்டுவது அமலதாசன் வேலை.

சின்ன விமானத்தில்
ஏறுமுன் எடை சொல்லியாக வேண்டும்.
கல்யாணப் பெண்ணானாலும் சரி, அமைச்சரானாலும் சரி.
பெட்ரோல் இத்தனை, ஸ்பானர் பெட்டி இத்தனை,
தண்ணீர் பாட்டில் இரண்டு,
நான் அறுபத்து நாலு.
"எழுபத்தொண்ணு மேடம்"
என்றார் அமலதாசன், ஷூ லேஸிடம்.
எழுதிக் கூட்டினேன்.
கணக்கு கோட்டுக்குள் அடங்கியது.

மூவாயிரம் அடி மேட்டில் இருக்கும் ஊர் இது,
காற்று அளந்துதான் கொடுக்கும்.
பாதிப் பாதையில் எழ வேண்டியது
முக்காலைத் தின்றுவிட்டு எழுந்தது.
மேம்பாலத்துப் பேருந்தில்
ஜன்னலோரப் பையன் ஒருவன்
பல் தேய்க்காத வாயைத் திறந்து பார்த்தான்.
அவன் கடைவாய்ப் பல் வரை தெரிந்தது எனக்கு.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு தும்கூர். பிறகு
தண்ணீர் வற்றிய ஏரிகள், ஓரம் வெளுத்து.
சித்ரதுர்காவில் காற்றாலைகள்
எல்லாம் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றன.
எதிர்காற்று.
கீழே நெடுஞ்சாலையில் ஒரு வெள்ளைக் கார்
கொஞ்ச நேரம் கூடவே வந்து
எங்களை முந்திப் போனது.
இருபத்தாறு வருஷம் தரையில் நின்று
இஞ்சினுக்குக் காது கொடுத்தவர்
மேலே வந்து கேட்பது இதுதான் முதல் தடவை.
"நாலாவது சிலிண்டர் முணுமுணுக்குது" என்றார்.
பிறகு காகிதப் பையை எடுத்துக்கொண்டு
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹூப்ளியில் பெட்ரோல் பீப்பாயில் இருந்தது,
பீப்பாய் அறைக்குள் இருந்தது,
அறைச் சாவி சாப்பிடப் போயிருந்தது.
இறக்கை நிழலில் உட்கார்ந்தோம் இரண்டு மணி நேரம்.
நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம்.

மலைத்தொடர்மேல் மேகம் கட்டிவிட,
கோலாப்பூரில் இறங்கி லாட்ஜ்.
மூன்றாவது ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு
"மேடம்... எண்பத்தி மூணு" என்றார்.
"தெரியும்."
"எப்போ?"
"மேம்பாலத்துல."
குழம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"நெசத்தைச் சொன்னா என்னை பஸ்ல அனுப்பிருப்பீங்க."
அனுப்பியிருப்பேன்தான்.

காலையில் பதினேழு லிட்டர் குறைத்து ஊற்றினேன்.
பன்னிரண்டு கிலோ பொய்க்கு
அதுதான் சரியான அளவு.

ஜுஹுவில் கடல் ஒரு பக்கம், மாடிகள் மறுபக்கம்,
நடுவில் ஒரு கோடு.
வாங்கியவரின் ஆள் போனில் பேசிக்கொண்டே வந்து
கதவைக்கூடத் திறந்து பார்க்காமல்
கையெழுத்துப் போட்டான்.
அமலதாசன் கேட்காமலே ஆயில் குச்சியை உருவி
துடைத்து, மறுபடி விட்டு, பார்த்து, சொருகினார்.
அழுக்குத் துணியை
யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல்
பேன்ட் பையில் வைத்துக்கொண்டார்.

இரவு பெரிய விமானத்தில் திரும்பினோம்,
இரண்டு நாள் வழி
ஒன்றே முக்கால் மணியில்.
கீழே ஏரியும் இல்லை, காரும் இல்லை,
அடைத்துப் போட்ட பஞ்சு.
பெட்டியை நிறுத்தார்கள்.
எங்களை யாரும் கேட்கவில்லை.
வரிசை வரிசையாகத் தலைகளை எண்ணிவிட்டு
என் பக்கம் சாய்ந்தார்:
"இதுல எத்தனை பேர் மேடம்
பொய் சொல்லிட்டு ஏறியிருப்பாங்க?"

தேவனஹள்ளியிலிருந்து டாக்ஸி.
மழை விட்டிருந்தது.
ஜக்கூர் மேம்பாலத்தில் ஏறியதும்
இருவரும் ஒரே பக்கம் திரும்பினோம்.
அதைக் கட்டிவைத்திருந்த கயிறுகள்
அங்கேயே கிடக்கும்.
இருட்டில் தெரியவில்லை.
"இந்த உயரமா?" என்று கேட்டார்,
கைப்பிடிச் சுவரைப் பார்த்து.
இந்த உயரம்தான்.