மூன்றாவது டிரம்

ஐப்பசியில் புல்லுக்குக் குறைவில்லை.
தாண்டிக்குடிச் சரிவில்,
காப்பிச் செடிக்கும் சவ்சவ் பந்தலுக்கும் இடையில்
கை அகல மண் கிடைத்தால் போதும்,
நேப்பியர் ஆள் உயரம் எழுந்துவிடும்.
தின்னத்தான் செவலைக்கு ஒரே வாய்.
மாசியில் அந்த வாய் அப்படியே இருக்கும்,
புல் இருக்காது.

இந்தக் கணக்கை நேராக்க
வத்தலக்குண்டுக் கடையில் மூன்று நீல டிரம் வாங்கினேன்.
சோப்புக் கம்பெனியிலிருந்து வந்தவை.
ஏழு தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், ஏழாவதிலும் நுரை.

முதல் டிரம் என் அவசரம்.
மழை விட்ட அரைமணியில் அறுத்து
ஈரம் சொட்டச் சொட்ட அடைத்தேன்.
முப்பதாம் நாள் வளையத்தைக் கழற்றியதும்
தவசிமணி சோற்றுத்தட்டைத் தூக்கிக்கொண்டு
பின்பக்கம் போனவர், அப்படியே
பாறைமேல் உட்கார்ந்து தின்று முடித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.
மலைவாழைக் குழி ஒன்றில் கொட்டி மண் தள்ளினேன்.

இரண்டாவதில் ஈரம் பரவாயில்லை,
மிதித்ததில்தான் குறை.
ஓரத்தில் என் கால் எட்டாத இடமெல்லாம்
காற்று குடியிருந்து
வெள்ளைப் பூஞ்சை பஞ்சு பஞ்சாய்ப் பூத்திருந்தது.
நடுவில் நான்கு கூடை தேறியது.
செவலை மோந்துவிட்டு என்னைப் பார்த்தது,
திரும்பவும் கடன் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல.

மார்கழிக் கடைசி.
ரைட்டர் துரைராசனிடம் காப்பிக் களத்தில்
கால்வாசி கேட்டேன், ஒரே ஒரு பகலுக்கு.
"பழம் காயுற இடத்துல புல்லா" என்றார்.
பிறகு மூலையைக் காட்டினார்.
பரப்பினேன். பதினொரு மணிக்கு மூடுபனி ஏறி வந்து
மறுபடி நனைத்துவிட்டுப் போனது.
ராத்திரியும் களத்திலேயே கிடந்தது புல்.

விடியும் முன்னே காட்டுமாடு வந்திருக்கிறது.
ஒற்றை. பெரிய குளம்பு.
காப்பியில் ஒரு பழத்தைக்கூட நசுக்கவில்லை.
என் புல்லில் வந்து நின்று
இலையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு
மூத்த தண்டை வரிசையாக விட்டுப் போயிருந்தது,
முருங்கைச் சக்கையை இலையோரம் ஒதுக்குகிறவர் மாதிரி.

குனிந்து ஒரு தண்டைக் கடித்துப் பார்த்தேன்.
மூங்கில்.
ஆள் உயரம் என்று நான் பெருமைப்பட்டதெல்லாம்
மரம் வளர்த்ததுதான்.

கீழ்ப்பாத்தியில் மறுதாம்பு இடுப்பளவு நின்றது.
இன்னும் இருபது நாள் விட்டால் ஒன்றரை மடங்கு வரும்.
கை கூசியது. அறுத்தேன்.
அன்று வெயில் மூன்று மணிவரை தாக்குப்பிடித்தது.
இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கி
உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தேன்:
நீர் சொட்டவில்லை. கையை விரித்ததும்
உருண்டை மெல்லச் சோம்பல் முறித்து அவிழ்ந்தது.
மண்டை வெல்லம் கரைத்துத் தெளித்தேன்,
அடுக்கடுக்காக மிதித்தேன்.
கால் எட்டாத ஓரத்துக்கு உலக்கை.
உலக்கைக்குத் தவசிமணி. கூப்பிடவில்லை, வந்தார்.

மாசி பன்னிரண்டு. திறந்தேன்.
புளித்த மோரும் ஊறின நெல்லிக்காயும் சேர்ந்த வாசம்.
பச்சையும் இல்லை மஞ்சளும் இல்லை, மாவடு நிறம்.
செவலை முதல் நாள் முகர்ந்து தும்மியது.
மறுநாள் நக்கியது.
அதற்கடுத்த நாள், அடியில் ஒட்டியதற்காக
காலித் தொட்டியைத் தலையால் முட்டி
வாசல்வரை நகர்த்திக்கொண்டு வந்தது.

சொசைட்டியில் பிரிட்டோ மெஷினைத் தட்டினான்.
மறுபடி ஊற்றினான்.
எட்டு புள்ளி ஒன்று, எட்டு புள்ளி நாலு ஆகியிருந்தது.
"தண்ணி ஊத்துறத நிறுத்திட்டீங்களா அக்கா" என்றான்.
அடிக்க ஓங்கிய என் கையை மோந்து
"வீட்ல ஊறுகாயா?" என்றான்.

கணக்கு இன்னும் நேராகவில்லை.
ஒரு டிரம், ஒரு மாடு, எட்டு நாள்.
கோடை மழைக்கு எத்தனையோ நாள் கிடக்கிறது.
டிரம்முக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று
கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே
பஸ்ஸில் ஏறி வருகிறார் தவசிமணி.
வருகிற ஐப்பசிக்கு ஐந்து டிரம்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
உள்ளே உருண்டுகொண்டு வருகிறது
நான் மிதித்து வெளியேற்ற வேண்டிய காற்று.