சாண், முழம்

நாற்பத்தெட்டில் அப்பனானேன்.
டர்பன் துறைமுகத்துக்கு வெளியே
முறை காத்து நிற்கும் கப்பல்களை
பஸ் ஓட்டிக்கொண்டே எண்ணிவிடுவேன்.
பால்பவுடர் டப்பாவில் எத்தனை கரண்டி என்பதுதான்
கையை நீட்டி, இன்னும் நீட்டி,
கடைசியில் கோகியை எழுப்பி...

"பிள்ளைக்கு ஒரு சாணுக்கு அப்பால் எல்லாம் புகை"
என்றாள் கிளினிக்கில் நர்ஸ் நொம்வுலா.
எனக்கு ஒரு முழத்துக்கு இப்பால்.
நடுவில் இருக்கிற அந்த ஒரு சாண்
இருவருக்குமே கிடையாது.

மணி மூன்று. சாட்ஸ்வொர்த்தில் நாய்கூடக் குரைக்கவில்லை.
அறுபது ராண்ட் கண்ணாடி எங்கே கிடக்கிறதோ.
திருஷாவை முகத்தருகே கொண்டுவருகிறேன்.
கருத்த ஈரக் கலங்கல் இரண்டு
அசையாமல் நிற்கின்றன,
நங்கூரம் போட்டதுபோல்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
பரவாயில்லை.
சவரம் செய்யாத இந்த மூஞ்சியை
அவள் முதலில் பார்த்து முடிக்கட்டும்.